வீட்டை ஒட்டிய தூங்குமூஞ்சி மரம்: ஒருவர் 14,000 கேட்கிறார், இன்னொருவர் 58,000. யாரை நம்புவது?

செம்பாக்கத்துக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் மாநகராட்சியில் செம்பாக்கம் பக்கம் எங்கள் வீடு. பின்கட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு ஆறடி. உயரம் இரண்டு மாடியைத் தாண்டும். பாதிக் கிளைகள் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் படர்ந்திருக்கின்றன. இந்தப் பக்கம் ஒரு கிளை எங்கள் வீட்டுக்கு வரும் மின்கம்பியை உரசிக்கொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாமவர் இணையப் பட்டியலில் கிடைத்தவர். வந்து பார்க்கவே இல்லை. தொலைபேசியிலேயே 14,000 ரூபாய் என்றார். இன்றே 5,000 முன்பணம் அனுப்பினால் நாளைக் காலை ஆட்கள் வந்துவிடுவார்களாம். இரண்டாமவர் நேரில் வந்தார், மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார், பக்கத்து வீட்டுக் கூரையை எட்டிப் பார்த்தார், 32,000 என்றார். மூன்றாவது ஒரு நிறுவனம். கிரேன், இடுப்புப் பட்டை, தலைக்கவசம் எல்லாவற்றுக்கும் படம் அனுப்பி 58,000, ஜிஎஸ்டி தனி என்றார்கள்.

ஒரே மரத்துக்கு நான்கு மடங்கு வித்தியாசம் எப்படி வரும்? எது நியாயமான விலை?


நிழல்வேண்டும் எழுதியது:

விலை இருக்கட்டும், அம்மா. முதலில் ஒன்று கேட்கிறேன்: அந்த மரத்தை ஏன் வெட்ட வேண்டும்? கம்பியில் உரசும் கிளையையும் கூரை மேல் தொங்கும் கிளைகளையும் கழித்துவிட்டால் போதாதா? 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களுக்கு இன்னும் ஈடு செய்யவில்லை. மழை வருகிறது என்றதும் பயந்து வெட்டுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இங்கே வருகிறார்கள்.


செம்பாக்கத்துக்காரி எழுதியது:

உங்கள் வருத்தம் புரிகிறது. என் மாமனார் நட்ட மரம், எங்களுக்கும் மனமில்லை. ஆனால் மழைநீர் வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டியபோது சுற்றுச்சுவரை ஒட்டி ஓடிய தடித்த வேர்களை அறுத்துவிட்டார்கள். அதன் பிறகு மரம் பக்கத்து வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் கோடு போட்டதுபோல் விரிந்திருக்கிறது. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான்.


நிழல்வேண்டும் எழுதியது:

சாய்வு புதியது, மண் விரிந்திருக்கிறது, அடியில் காளான் வேறு. அப்படியானால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். எடுத்துவிடுங்கள். பிறந்ததிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் நூறு ஆண்டும் நிற்கும். அண்மையில் சாயத் தொடங்கிய மரத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை.


ரம்பக்காரர் எழுதியது:

வணக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் மரம் வெட்டுவதுதான் என் தொழில், அப்பாவுக்கும் அதுதான். நான் அந்த மூவரில் ஒருவன் இல்லை, உங்கள் வேலையைப் பிடிக்கவும் வரவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் மரத்தை அடியில் அறுத்து அப்படியே சாய்க்க இடமில்லை. ஆள் ஏறி, கிளை கிளையாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். எனக்கு ஐந்து பேர், இரண்டு நாள் வேலை. மேலே ஏறி அறுப்பவருக்கு நாளுக்கு 2,500. அவருக்குத் துணையாக மேலே கயிறு மாற்றிக் கட்டுபவருக்கு 1,800. கீழே கயிறு பிடித்து, துண்டு போட்டு, தழை இழுக்கும் மூவருக்குத் தலைக்கு 1,000. ஆக நாளுக்கு 7,300; இரண்டு நாளுக்கு 14,600. இயந்திர ரம்பத்துக்கு எரிபொருள், எண்ணெய், சங்கிலி தேய்மானம் சேர்த்து 1,500. தழையும் மிலாறும் (சிறு குச்சிகளும்) வெளியேற்றச் சின்ன சரக்கு வண்டி நான்கு நடை, நடைக்கு 2,000 என்றால் 8,000. இதுவே 24,100 ஆகிவிட்டது. கயிறு தேய்மானம், சாப்பாடு, பக்கத்து வீட்டுக் கூரைத் தகடு ஒன்று உடைந்தால் மாற்றிக் கொடுக்கும் செலவு, என் பங்கு. 32,000 கேட்டவர் உங்களை ஏமாற்றவில்லை.

இப்போது 14,000-க்கு வாருங்கள். அது ஆள் கூலிக்கே காணாது. அப்படியானால் அவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? மூன்று ஆள் மட்டும் வருவார்கள். அல்லது கயிறு கட்டாமல் தள்ளிவிடுவார்கள். அல்லது தழை முழுவதையும் உங்கள் வாசலில் குவித்துவிட்டு, அதை எடுப்பது பேச்சில் இல்லை என்பார்கள். இன்னொன்றும் உண்டு. அந்தத் தொலைபேசி எண் தரகருடையதாக இருக்கும். அவர் உங்களிடம் பேசிவிட்டு, அதே வேலையை 10,000-க்கு யாரோ ஒருவர் தலையில் கட்டுவார். வருகிறவருக்கு மரம் எப்படி நிற்கிறது என்றே தெரியாது.

58,000 கேட்பவரும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கிரேன் வந்தால் ஏறுகிறவருக்கு ஆபத்து குறைவு, வேலை ஒரே நாளில் முடியும். ஆனால் கிரேன் உங்கள் பின்கட்டுக்கு எட்டுமா? தெரு எத்தனை அடி? நிற்கும் இடத்தில் பக்கவாட்டுக் கால்களை விரிக்க வேண்டும். மேலே கம்பிகள் குறுக்கே போகக் கூடாது. இதையெல்லாம் பார்க்காமல் படம் மட்டும் அனுப்பியிருந்தால், வேலை நாளன்று கிரேன் தெருமுனையில் நிற்கும், ஆள்தான் ஏறுவார்.


அவசரக்காரன் எழுதியது:

இவ்வளவு யோசனை எதற்கு? மரம் வெட்டுவது என்ன அறுவைச் சிகிச்சையா? குறைந்த விலைக்காரரைக் கூப்பிடுங்கள். எனக்கு வேலை செய்தவர் எண் இதோ: [நீக்கப்பட்டது]


மட்டுறுத்துநர்:

தனிநபர் தொலைபேசி எண்களைப் பொது இழையில் இட வேண்டாம். தனிமடலில் அனுப்புங்கள்.


குரோம்பேட்டை வடை எழுதியது:

அவசரக்காரனுக்கு: எங்கள் தெருவில் குறைந்த விலைக்குப் பேசிய கதையைச் சொல்கிறேன். பெருங்கொன்றை மரம், 9,000 என்று ஒப்புக்கொண்டார்கள். காலையில் வந்து மளமளவென்று ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் இறக்கினார்கள். பதினொரு மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு, "மரம் நினைத்ததைவிடப் பெரிது, இன்னும் 10,000 வேண்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் கழித்த மரம் எல்லாப் பாரமும் மறுபக்கம் சேர்ந்து நிற்கிறது, அந்தப் பக்கம் தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். யார் அதை அப்படியே விட்டுவிட முடியும்? கேட்டதைக் கொடுத்தார்கள்.

வேறு ஆளைக் கூப்பிட்டும் பார்த்தார்கள். ஒருவர் பாதி வெட்டிய மரத்தில் இன்னொரு குழு ஏறாது என்று சொல்லிவிட்டார்கள்.


ரம்பக்காரர் எழுதியது:

ஏற மாட்டோம், உண்மைதான். எந்தக் கிளையில் பாதி வெட்டு விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கீழே நின்று பார்த்தால் தெரியாது.

இதிலேயே ஆளை எடைபோட ஒரு வழி இருக்கிறது. விலை பேசும்போது, "முதலில் எந்தப் பக்கம் கை வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். உங்கள் மரம் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. "உங்கள் வீட்டுப் பக்கம் வசதியாக இருக்கிறது, அங்கிருந்து தொடங்குகிறேன்" என்று ஒருவர் சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கிளைகள்தான் மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் பாரம் முழுவதும் கூரைப் பக்கம். சாய்ந்த பக்கத்துப் பாரத்தைத்தான் முதலில் குறைக்க வேண்டும், அதுவும் நுனியிலிருந்து சின்னத் துண்டுகளாக. பெரிய வாது (தடித்த கிளை) என்றால் அடியில் கால் பங்கு அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் பட்டையோடு கிழிந்து ஆள் நிற்கும் பக்கம் வீசும்.

கயிற்றையும் காட்டச் சொல்லுங்கள். வெளுத்து, நார் நாராகப் பிரிந்திருந்தால் அந்தக் கயிற்றில் உங்கள் துணியைக்கூடக் காயப் போடாதீர்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

மரத்தின் மதிப்பை யாரும் பேசவில்லையே. அடிமரம் யாருக்கு? வெட்டுகிறவர் தூக்கிக்கொண்டு போய் மரவாடியில் விற்றுவிடுவார். அந்தப் பணத்தைக் கூலியில் கழிக்க வேண்டாமா?

மரவாடிக் கணக்கு எளிது. சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. உங்கள் மரம் ஆறடிச் சுற்று. நான்கில் ஒன்று ஒன்றரை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்க 2.25. கிளை பிரியும் வரை நேரான அடிமரம் பத்தடி என்றால் 22.5 கன அடி. (உருளையின் உண்மையான கன அளவு 28 கன அடிக்கு மேல் வரும். அறுக்கும்போது வீணாகும் பக்கக் கட்டைகளுக்காக இந்தக் கணக்கிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. மரவாடிக்காரரிடம் இதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள், எல்லா இடத்திலும் இதே கணக்குத்தான்.) தூங்குமூஞ்சிக்கு அன்றைய விலை என்ன என்று பக்கத்து அறுவை மில்லில் கேட்டுக்கொண்டு பேச உட்காருங்கள்.


ரம்பக்காரர் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, கணக்கு சரி. ஆனால் வீட்டு மரத்தை அறுவை மில் அந்த விலைக்கு வாங்காது. துணிக்கொடி கட்டிய ஆணி, விளம்பரப் பலகை அடித்த ஆணி, சுற்றிய கம்பியை விழுங்கி வளர்ந்த பட்டை என்று உள்ளே இரும்பு இருக்கும். ஒரு ஆணி போதும், ரம்பப் பட்டையின் பல் போய்விடும். அதனால் "வீட்டு மரமா?" என்று கேட்டதுமே விலையைப் பாதியாக்குவார்கள், அல்லது விறகு விலையில் எடைக்குக் கேட்பார்கள். அடியில் காளான் இருக்கிறது என்கிறார்கள், நடுவில் பொந்தும் இருக்கலாம். இந்த மரத்தில் மரக்காசை நம்பிக் கூலியைக் குறைக்க முடியாது. தேக்கு என்றால் அது வேறு பேச்சு.


கணக்குப்பிள்ளை எழுதியது:

ஆணி விஷயம் எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. வேலை முடிந்த மாலையில் வண்டியில் ஏற்றிய கட்டையைப் பிடித்துக்கொண்டு தகராறு செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு சொல். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குள் இருப்பவர் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. ஆகவே ஐந்து ஆளை வைத்து வேலை செய்பவரிடம் ஜிஎஸ்டி ரசீது இல்லை என்பதற்காக அவரைச் சந்தேகிக்காதீர்கள். அதே சமயம், வரி தனி என்று கேட்பவர் பதிவு எண் போட்ட ரசீது தர வேண்டும். அந்த எண்ணில் 15 எழுத்துகள்; தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யாருடையது என்று காட்டிவிடும். எண் இல்லாமல் வரி மட்டும் கேட்டால், அந்த வரி அவர் பைக்குத்தான் போகிறது.

முத்திரைத்தாள் ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம். பேசியதை ஒரே வாட்ஸ்அப் செய்தியாக நீங்களே எழுதி அனுப்பி, "சரி" என்று அவரிடம் பதில் வாங்குங்கள். மொத்த விலை எவ்வளவு, தூர் (அடிக்கட்டை) தரைமட்டத்தில் நிற்குமா தோண்டி எடுப்பார்களா, தழையை யார் அகற்றுவது, கட்டை யாருக்கு, பக்கத்து வீட்டில் ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு. முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதையும் ஆட்கள் வாசலுக்கு வந்த பிறகு கொடுங்கள். தழை வெளியேறிய பிறகுதான் மீதி.


ரம்பக்காரர் எழுதியது:

பத்தில் ஒரு பங்கு எங்களுக்குக் கட்டாது, ஐயா. முதல் நாள் மாலை ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். முதல் நாள் வேலை முடிந்ததும் பாதி, தழை எடுத்ததும் மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வருவதற்கு முன்னால் ஒன்றும் வேண்டாம், அதில் உங்களோடு உடன்படுகிறேன்.


வயர்மேன் தாத்தா எழுதியது:

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மின்கம்பி பற்றி இத்தனை பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பிக்கு உறை இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்த உறை வெடித்திருக்கும். கிளை உரசிய இடத்தில் உறையே இருக்காது. பச்சை மரம், ஈரமான கயிறு, அலுமினிய ஏணி என எல்லாவற்றிலும் மின்சாரம் பாயும். உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள்: இன்ன தேதியில் இன்ன முகவரியில் மரம் வெட்டுகிறோம், அந்த நேரத்துக்கு இணைப்பைத் துண்டித்துத் தர வேண்டும் என்று. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் அருகில் இருந்தால் அன்றைக்கே வேலையை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அலுவலகத்தில் பதில் இல்லை என்றால் மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதிவு செய்யலாம், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

மரம் வெட்ட வந்தவர், "நானே ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறேன்" என்றால் விடாதீர்கள். உங்கள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினால் வீட்டுக்குள்தான் மின்சாரம் நிற்கும். மரத்தை உரசும் கம்பியில் உயிர் அப்படியே இருக்கும்.


செம்பாக்கத்துக்காரி எழுதியது:

தாத்தா, இதை என்னிடம் யாருமே சொல்லவில்லை. மூவரில் இரண்டாமவர் மட்டும் "லைன் ஆஃப் செய்ய ஏற்பாடு உங்களுடையதா, எங்களுடையதா?" என்று கேட்டார். அப்போது எனக்கு அது புரியவில்லை.


பேராவூரணித் தென்னை எழுதியது:

எங்கள் பக்கத்து அனுபவம் வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அதுவரை மரம் வாங்க வருகிறவர்கள் நமக்குப் பணம் கொடுத்துவிட்டு எடுத்துப்போவார்கள். புயலுக்குப் பிறகு நாங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. வெளியூர்களிலிருந்து ரம்பத்தோடு வந்து இறங்கியவர்கள் வைத்ததுதான் விலை. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, தங்க இடம் இல்லை, மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனால் அவசரத்தில் இருப்பவனிடம் பேரம் செல்லாது. உங்கள் ஊரிலும் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் 32,000 பேசியவரே 50,000 கேட்பார். ஆடி, ஆவணியிலேயே முடித்துவிடுவது நல்லது.

தென்னை வெட்டுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. வெட்டிய தடியையும் தூரையும் தோட்டத்திலேயே போட்டுவைக்காதீர்கள். மக்கும் தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், பிறகு நிற்கிற மரங்களின் குருத்தைக் குடையும். தடியை எடுத்துப் போவதும் கூலியில் சேர்ந்தது என்று பேசிக்கொள்ளுங்கள்.

ஏறும் முன்பு மரத்தில் கதண்டு (கொட்டும் பெரிய குளவி) கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரம்பச் சத்தத்துக்குக் கிளம்பினால் மேலே இருப்பவர் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அழித்துவிடுவார்கள்.


பனையூராள் எழுதியது:

மேலே ஏறுகிறவர் விழுந்தால்? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு விலை பற்றி மட்டும் பேசுகிறோம். எங்கள் உறவில் ஒருவர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருக்கிறார். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டார் மருத்துவமனை வரை வந்தார்கள், கையில் இருந்ததைக் கொடுத்தார்கள், அதோடு சரி. அவர்களும் பணக்காரர்கள் இல்லை.


அவசரக்காரன் எழுதியது:

அது அவர்கள் தொழில், அவர்கள் பொறுப்பு. வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்?


பனையூராள் எழுதியது:

செய்ய முடியும். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். வங்கிக் கணக்கு இருந்தால் போதும், வயது 18-லிருந்து 70 வரை. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், இரண்டு கண்ணோ இரண்டு கையோ காலோ போனாலும் 2 லட்சம். பெரிய தொகை இல்லை, மருத்துவச் செலவும் அதில் வராது. ஆனால் தன் ஆட்கள் எல்லோருக்கும் இதையாவது போட்டிருக்கிறாரா என்று குழுத் தலைவரிடம் கேட்கலாம். கேட்டதும் முகம் சுளிப்பவர், கயிற்றிலும் இதே அலட்சியத்தைத்தான் காட்டுவார். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடு தனியாக இருக்கிறது.

இடுப்புப் பட்டை கட்டாமல் ஏறினால் வேலையை நிறுத்துங்கள். "பழக்கம்தான் அம்மா" என்பார்கள். விழுந்தவர்கள் எல்லோரும் பழக்கப்பட்டவர்கள்தான்.


ரம்பக்காரர் எழுதியது:

நான் ஏழெட்டு ஆண்டுகளாகத்தான் பட்டை இல்லாமல் ஆளை ஏற்றுவதில்லை. அதற்கு முன்பு இடுப்பில் ஒரு கயிறு, அவ்வளவுதான். பட்டை கட்டினால் வேலை மெதுவாகும், ஆள் கூலி ஏறும். விலை குறைத்துக் கேட்கும்போது இதைத்தான் முதலில் கழற்றுவோம் என்பதையும் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 32,000-ஐ 30,000 ஆக்கக் கேளுங்கள், தவறில்லை. 20,000 ஆக்கினால் எது குறைந்தது என்று மேலே பார்த்தால் தெரியும்.


நிழல்வேண்டும் எழுதியது:

அனுமதி பற்றிச் சுருக்கமாக. மரம் சுற்றுச்சுவருக்கு வெளியே, தெருவில் இருந்தால் அது உங்களுடையது இல்லை, உங்கள் வீட்டைத்தான் இடித்தாலும். மாநகராட்சியிடம்தான் போக வேண்டும். பொது நிலத்து மரங்களை வெட்ட மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சொந்த மனைக்குள் இருந்தாலும் சந்தனம், ஈட்டி, தேக்கு என்றால் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. தூங்குமூஞ்சிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் மாநகராட்சி வட்டார அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுச் செய்தால் அக்கம்பக்கத்தார் புகாருக்குப் பதில் கையில் இருக்கும். "அனுமதி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், 3,000 கொடுங்கள்" என்பவரிடம் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

வேப்ப மரம் நுனி கருகிக் காய்ந்ததுபோல் இருக்கிறது என்று வெட்ட ஆள் தேடுபவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள். பொறுங்கள். மழைக்காலத்தை ஒட்டி வரும் நுனிக்கருகல் நோய் அது. பெரும்பாலான மரங்கள் பங்குனி, சித்திரையில் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. காய்ந்த நுனியைப் பார்த்து "பட்டுப்போன மரம், வெட்டிவிடலாம்" என்று சொல்லும் ஆளுக்கு விறகு வேண்டும், வேறொன்றுமில்லை.


அஸ்திவாரம் எழுதியது:

கட்டுமானத் துறையில் இருக்கிறேன். தூர் பற்றி: மரம் வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி? ஐந்தாறு அடிக்குள் என்றால் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்க அனுமதிக்காதீர்கள். வேர் உங்கள் கழிவுநீர்க் குழாயையும் தளத்தையும் சேர்த்துத்தான் பிடித்திருக்கும். இழுத்தால் எல்லாம் வரும். தரைமட்டத்துக்கு அரையடி கீழே வரை அறுத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடுங்கள், மெல்ல மக்கிவிடும். துளிர்த்தால் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

தூரில் துளை போட்டுக் கல்லுப்பு கொட்டச் சொல்வார்கள். சுவர் ஓரத்தில் அது வேண்டாம், உப்பு இறங்கினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுவிடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெருங்காயம் விற்கும் விலைக்கு அதைச் சாம்பாரில் போடுவதே மேல்.


ரம்பக்காரர் எழுதியது:

நிற்கும் மரத்தை மருந்து வைத்துக் கொன்றுவிட்டு, பிறகு எங்களைக் கூப்பிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சை மரம் வளைந்து கொடுக்கும். பட்ட மரம் ஒடியும். பட்ட மரத்தில் ஏற நான் ஒன்றரை மடங்கு கேட்பேன், சிலவற்றில் ஏறவே மாட்டேன். பச்சையிலேயே ஒடியும் முருங்கையில் ஏறக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதும் இதற்காகத்தான்.


செம்பாக்கத்துக்காரி எழுதியது:

வேலை முடிந்தது. உதவிய எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன்.

14,000-காரரிடம், "நேரில் வந்து மரத்தைப் பார்த்த பிறகு முன்பணம் தருகிறேன்" என்றேன். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். கிரேன் தெருவில் நுழையாது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். விலையை 50,000 ஆகக் குறைத்தார்கள். ரசீதும் வரியும் முறையாக இருந்தன, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாமவரிடம் ரம்பக்காரர் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். "கூரைப் பக்கம்தான் அம்மா முதலில், நுனியிலிருந்து. உங்கள் பக்கத்துக் கிளைதான் இப்போது மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அடிமரமும் விறகும் அவருக்கு, தூர் தரைக்குக் கீழே அரையடி, தழை முழுவதும் அகற்ற வேண்டும், கூரை உடைந்தால் அவர் பொறுப்பு என்று எழுதி அனுப்பி 30,000-க்கு ஒப்புக்கொண்டோம்.

ஏறிய இருவரில் ஒருவருக்குக் காப்பீடு இருந்தது, மற்றவருக்கு இல்லை. வேலைக்கு முந்தைய வாரமே வங்கிக்குப் போய்ப் போட்டுவிட்டு ரசீதைப் படமெடுத்து அனுப்பினார்கள். மின்வாரியத்தில் மனு கொடுத்தேன். சொன்ன நாளில் வரவில்லை, மறுநாள் வந்து இணைப்பைத் துண்டித்துக் கொடுத்தார்கள். அதனால் வேலை ஒரு நாள் தள்ளியது. காத்திருந்த நாளுக்கு ஆட்களுக்குப் பாதிக் கூலி கேட்டார், 2,500 கொடுத்தேன். இது எங்கள் செய்தியில் எழுதப்படாத விஷயம், ஆனால் அவர் மீது தவறில்லை.

பக்கத்து வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஒன்று விரிசல் விட்டது. எங்கள் கிளை விழுந்ததாலா, பழைய விரிசலா என்று அந்த அம்மாவுக்கும் இவர்களுக்கும் வாக்குவாதம். வேலைக்கு முன்பு கூரையைப் படமெடுத்து வைத்திருந்தேன். படத்தில் விரிசல் இல்லை. வேலை எடுத்தவர் மறுவார்த்தை பேசாமல் புதுத் தகடு மாற்றிக் கொடுத்தார்.

அடிமரத்தை அறுத்தபோது நடுவில் கைமுட்டி வரை நுழையும் பொந்து. மரவாடிக்காரர் எடுக்க மறுத்துவிட்டார், விறகாகத்தான் போயிற்று என்று பிறகு சொன்னார்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

காத்திருப்புக் கூலியை என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.


அவசரக்காரன் எழுதியது:

என் கொல்லையில் கிணற்றை ஒட்டி இரண்டு தென்னை சாய்ந்து நிற்கிறது. ரம்பக்காரர் ஐயா, எவ்வளவு ஆகும்?


ரம்பக்காரர் எழுதியது:

படம் இல்லாமல் விலை கேட்கிறீர்களே, தம்பி. மரம் கிணற்றுப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, எதிர்ப்பக்கமா? கிணற்றுக்கு மூடி உண்டா? மோட்டார் குழாய் எந்தப் பக்கம் போகிறது? தென்னையின் தலையில் காய், மட்டை எல்லாம் இருக்கிறதா, மொட்டையா? நான்கு பக்கமும் நின்று படம் எடுத்து, வண்டி வரும் வழியையும் ஒரு படம் எடுத்துத் தனிமடலில் அனுப்புங்கள். பார்த்துவிட்டு நேரில் வர வேண்டுமா என்று சொல்கிறேன்.